கொய்யா வளைவு

மாடுகளுக்கான தாது உப்பு மூட்டையை ஜீப்பிலிருந்து இறக்கி அண்ணன் வீட்டுச் சுவரோரம் சாய்த்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் ருபியேலா அந்த ஆணியைக் கவனித்தாள். எப்போதும் அதில் ஒரு முள்கம்பிச் சுருள் தொங்கும். வேலி அறுந்தால் ஒட்டுப்போட வைத்திருக்கும் பழைய கம்பி. இப்போது ஆணி மட்டும் இருந்தது. சுருள் உரசி உரசிச் சுண்ணாம்புச் சுவரில் விழுந்திருந்த துருவட்டம் கண்ணாடி கழற்றிய இடம் மாதிரி வெறிச்சென்று தெரிந்தது. அடுப்படியில் அண்ணி ஃபபியோலா வேகவைத்த மக்காச்சோளத்தை அரைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் எங்கே என்று கேட்டதற்கு, அரைக்கும் கையை நிறுத்தாமலே பதில் சொன்னாள். விடியும்போதே கோவேறு கழுதையை ஓட்டிக்கொண்டு மேலே போனாராம். காப்பிகூடக் குடிக்கவில்லையாம். கம்பியையும் கட்டிங் பிளேயரையும் எடுத்துக்கொண்டு, பாதையை அடைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

“எந்த எடத்துல அண்ணி?”

“கொய்யா வளைவுலதான். ரெண்டு மரம் எதிரும் புதிருமா வாகா நிக்குதாம். குழி தோண்ட வேண்டாம், கம்பம் நட வேண்டாம்னாரு.”

ஃபபியோலா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவளுக்கு அந்த வளைவு மாடு ஓட்டிப் போகும் வழி. மாட்டின் நடையில்தான் அவளுக்கு அதைத் தெரியும். ருபியேலாவுக்கு அதை வேறுவிதமாகத் தெரியும். தேவதாரு மரக்காட்டை விட்டு வெளியே வந்ததும் பாதை செங்குத்தாக இறங்கி, தலை உயர மண்சுவர்களுக்கு நடுவே வாய்க்கால் மாதிரி ஓடி, கொய்யா மரங்களுக்கு அடியில் சட்டென்று இடப்பக்கம் திரும்பும். சைக்கிள்காரர்கள் மெதெயின் நகரத்திலிருந்து மூன்று மணி நேரம் பயணம் செய்து வருவதே அந்த இறக்கத்துக்காகத்தான். அங்கே யாரும் பிரேக் பிடிப்பதில்லை. பிடித்தால் சக்கரம் வழுக்கும் என்பார்கள். உடம்பை முன்னால் சாய்த்து, முகத்தைக் கைப்பிடிக்கு மேலே நீட்டிக்கொண்டு, ஒரே மூச்சில் அந்த வளைவுக்குள் பாய்வார்கள்.

காலை எட்டேகாலுக்கு அவள்தான் அன்று வந்த நான்கு சைக்கிள்காரர்களையும் தம்போர் மலைமுகட்டில் இறக்கிவிட்டிருந்தாள். இப்போது மணி ஒன்பது. முகட்டின் மேலேயே கொஞ்ச தூரம் ஏற்றம், சிலுவைக்கல் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது சாப்பிடுவார்கள், பிறகு காடு. ஒன்பதரைக்கு வளைவில் இருப்பார்கள். போனை எடுத்து, அவர்களில் ஒருத்தியான மரிசெல்லின் எண்ணை அழுத்தினாள். மலையின் அந்தப் பக்கத்தில் சிக்னல் கிடைக்காது என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் இரண்டு முறை அழுத்தினாள். ஜீப்பில் முகட்டுக்குத் திரும்பிப் போக நாற்பது நிமிடம் ஆகும், அதற்குள் அவர்கள் காட்டுக்குள் இறங்கியிருப்பார்கள். இங்கிருந்து வளைவுக்கு நேராக மேலே ஏறினால் நடப்பவருக்கு அரை மணி நேரம். ஜீப் சாவியை அண்ணியின் கையில் திணித்துவிட்டு, என்ன ஏது என்று அவள் கேட்பதற்குள் ருபியேலா தொழுவத்தைத் தாண்டி ஓடத் தொடங்கியிருந்தாள்.

அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். முதல் மேய்ச்சல் சரிவை ஏறியதுமே மூச்சு நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றது. இரவு பெய்த மழையில் புல் சோப்புப் போட்ட மாதிரி வழுக்கியது. இரண்டு இடத்தில் கைகளை ஊன்றி நாலு காலில் ஏறினாள். ஓடும்போது யோசிக்கக் கூடாது என்று நினைத்தாள். ஆனால் யோசனை அவளுக்கு முன்னால் ஓடியது. இந்த மலையை அப்பா பிரித்துக் கொடுத்தபோது மேல்பாதி அண்ணன் கில்தார்தோவுக்கும், சாலையோரத்துக் கீழ்த்துண்டு அவளுக்கும் வந்தது. மாடு மேய்க்க அவளுடைய துண்டு போதாது. ஒரு ஜீப் நிறுத்தப் போதும். ஆறு வருடமாக அவள் சைக்கிள்காரர்களை ஏற்றி இறக்கித்தான் பிழைக்கிறாள். பாதை முழுக்க அண்ணனுடைய நிலத்தில் போகிறது. கட்டடம் கட்டுகிற மாதிரி யாரும் கட்டிய பாதை இல்லை அது. மண் கொட்டவில்லை, பலகை போடவில்லை. காப்பி மூட்டை சுமந்த கோவேறு கழுதைகளின் குளம்பில் நூறு வருடமாகத் தேய்ந்து உண்டான வழி. வேரும் கல்லும் அதனதன் இடத்தில் அப்படியே கிடக்கும். அதுதான் வேண்டும் என்கிறார்கள் வருகிறவர்கள். இயற்கையான பாதை என்று சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் கில்தார்தோ தரையில் துப்புவான். மழை வந்து வெட்டிட்டுப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டிருக்கானுங்க, என்பான். ஆனாலும் தடுத்ததில்லை. உன் வார்த்தைக்காக விடுறேன் ரூபி, கட்டைக் கதவ மட்டும் சாத்திட்டுப் போகச் சொல்லு, அவ்வளவுதான் அவன் கேட்டது.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தக் கதவு திறந்து கிடந்தது. அவனுடைய செவலைக் கிடாரி, முதல் சினை, ஏழு மாதம், வெளியே போய் ஓடைப்பள்ளத்தில் விழுந்து இரண்டு முன்னங்காலும் முறிந்து கிடந்தது. கில்தார்தோவே கத்தியோடு இறங்கி அதை முடித்தான். அதன் பிறகு நான்கு நாள் அவன் யாரிடமும் பேசவில்லை. ஐந்தாம் நாள் அவளிடம் வந்து, உன் சைக்கிள்காரனுங்கதான், என்று மட்டும் சொன்னான். அவள் தலையைக் குனிந்துகொண்டு, நான் சொல்லி வைக்கிறேன் அண்ணே, என்றாள். அந்த நேரத்தில் அதைத் தவிர வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டாவது சரிவின் உச்சியில், வாழைத் தோப்பு முடியும் இடத்தில், மேலேயிருந்து கழுதையின் குளம்புச் சத்தம் கேட்டது. கில்தார்தோ கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்து வந்துகொண்டிருந்தான். தொப்பி நெற்றி வரை இறங்கியிருந்தது. மீந்த கம்பி சின்னச் சுருளாகக் கழுதையின் சேணத்தில் தொங்கியது. அவளைப் பார்த்ததும் நின்றான். ஆச்சரியப்பட்டவன் மாதிரித் தெரியவில்லை.

“கட்டிட்டியா அண்ணே?”

“என் நெலத்துல வேலி போட்டேன்.”

“எந்த ஒசரத்துல?”

அவன் உள்ளங்கையைத் தன் மார்புக்கு நேரே பிடித்துக் காட்டினான். மாட்டுக்குப் போடுகிற உயரம்தான். எந்த வேலியும் அந்த உயரத்தில்தான் இருக்கும். ஆனால் சைக்கிளில் குனிந்து வருகிறவருக்கு அந்த இடத்தில் இருப்பது மார்பு இல்லை. நான்கு பேர் மேலேயிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் கால்மணி நேரத்தில் வந்துவிடுவார்கள், பிளேயரைக் கொடு என்று கேட்டாள். இன்று வியாழக்கிழமையாச்சே, என்றான் அவன். சனி ஞாயிறுதானே வருவார்கள். அவன் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது, உடனே அதை இழுத்துக் கட்டிக்கொண்டான்.

“வரட்டும். நிப்பாங்க. கண்ணு இருக்குல்ல.”

“அங்க நிக்க முடியாதுண்ணே. நெழலு. துருப்புடிச்ச கம்பி, கண்ணுக்கே தெரியாது. வர்ற வேகத்துக்கு…”

“செவலைக்கும் நிக்க முடியலதான்,” என்றான் கில்தார்தோ. குரலை உயர்த்தவில்லை. “அது வயித்துல ஒண்ணு இருந்துச்சு. அதுக்கு யாரு ஓடியாந்தா?”

இருபத்திரண்டு நாளாக அவள் நாக்குக்கு அடியில் கிடந்தது அப்போதுதான் வெளியே வந்தது. யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் அன்றும் சொல்லியிருக்க மாட்டாள்.

“கதவத் தொறந்து போட்டது அவங்க இல்லண்ணே. நான்தான்.”

அன்றைக்கு ஆலங்கட்டி மழை பெய்தது. பாதையில் விழுந்த கிளைகளை வெட்டி ஒதுக்க அவள் மேலே போயிருந்தாள். இறங்கும்போது ஒரு கையில் ரம்பம், ஒரு கையில் வெட்டுக்கத்தி, தலையில் ஆலங்கட்டி அடித்துக்கொண்டிருந்தது. மழை விட்டதும் வந்து சாத்திக்கொள்ளலாம் என்று நினைத்து ஓடினாள். மழை விட்டபோது மறந்துபோனாள். மறுநாள் பள்ளத்திலிருந்து அண்ணன் ஏறி வருவதைப் பார்த்தபோது பயம். அதற்கடுத்த நாள் வெட்கம். அதன் பிறகு, சொல்லாமல் இருப்பதே பழகிவிட்டது. இதையெல்லாம் அவள் அங்கே நின்று சொல்லவில்லை. ரம்பம், ஆலங்கட்டி என்று ஏதோ இரண்டு மூன்று வார்த்தைகள்தான் வந்தன. கில்தார்தோ அவளைப் பார்க்கவில்லை. கழுதையின் காதுக்குப் பக்கத்தில் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் அவனுங்களப் பத்திப் பேசுறப்பல்லாம் நீ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான இருந்த,” என்றான் கடைசியில்.

“ஆமா.”

பிளேயர் அவனுடைய இடுப்பு வாரில் செருகியிருந்தது. அவள் கையை நீட்டினாள். அவன் அசையவில்லை. கொடுக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பிடுங்கப் பார்த்தால் நேரம் போகும், கெஞ்சினாலும் போகும். அவள் கையை மடக்கிக்கொண்டு, கழுதைக்கும் மண்மேட்டுக்கும் இடையே உடம்பை நுழைத்து, மேலே ஓடினாள். பின்னால் குளம்புச் சத்தம் கீழே போகிறதா, நிற்கிறதா என்று காது கொடுத்தாள். தன் மூச்சிரைப்பைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

வளைவை அடைந்தபோது கம்பியை அவளே பார்க்கவில்லை. இருக்கிறது என்று தெரிந்தும், எங்கே இருக்கிறது என்று தெரிந்தும், இரண்டு எட்டு தூரத்துக்கு நெருங்கிய பிறகுதான் கண்ணில் பட்டது. இரண்டு வரிசை. ஒன்று முழங்கால் உயரத்தில், ஒன்று மார்பு உயரத்தில். கில்தார்தோ எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. மரத்தைச் சுற்றி மூன்று சுற்று, பிறகு பிளேயரால் முறுக்கி, முறுக்கை மடக்கி அடித்திருந்தான். அவள் முறுக்கில் விரலைக் கொடுத்துத் திருகினாள். முள் உள்ளங்கையில் இறங்கியது. ஒரு கல்லை எடுத்து அடித்தாள். கம்பி அதிர்ந்து பாடியதே தவிர நெகிழவில்லை. நேரம் என்ன என்று பார்க்கப் போனை எடுத்தபோது திரை முழுக்க ரத்தம் பூசிக்கொண்டது. ஒன்பது இருபத்தேழு.

மழைச்சட்டையைக் கழற்றி மேல்கம்பியில் போட்டாள். அது கருநீலம். அந்த நிழலில் அதுவும் இருட்டோடு இருட்டாக நின்றது. கீழே கிடந்த பச்சை இலைக் கொத்தை எடுத்துச் செருகப் போனவள், அப்படியே நின்றாள். மேலே, காட்டு விளிம்பில், சங்கிலி கிலுகிலுக்கும் ஒலி. சைக்கிள் வேரின் மேல் துள்ளி விழும்போது வரும் ஒலி அது. ஆறு வருடமாக அந்த ஒலியைக் கேட்டால் அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும். எல்லோரும் முழுசாக வந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

கொத்தை எறிந்துவிட்டு மண்சுவர்களுக்கு நடுவே மேல்நோக்கி ஏறினாள். வாய்க்காலின் அடியில் ஈரச் செம்மண். ஒரு எட்டு வைத்தால் அரை எட்டு பின்னால் சறுக்கியது. வளைவுக்கு மேலே முப்பது தப்படியாவது போய்விட வேண்டும். அப்போதுதான் அவர்களுக்கு நிற்க இடம் இருக்கும். இருபதுக்கு மேல் எண்ண முடியவில்லை. நிறுத்துங்க என்று கத்தினாள். குரல் அவ்வளவு பெரிதாக வரவில்லை, ஏறி வந்ததில் நெஞ்சில் காற்றே மிச்சமில்லை. பாதை நடுவே கால்களை அகட்டி வைத்து, இரண்டு கைகளையும் சுவர்களைத் தொடுகிற மாதிரி விரித்து நின்றாள்.

முதலில் வந்தது மரிசெல். எப்போதும் அவள்தான் முதலில் வருவாள். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவள், வருடத்துக்குப் பத்து தடவையாவது வருவாள், வரும்போதெல்லாம் புதிதாக யாரையாவது கூட்டிக்கொண்டு வருவாள். மஞ்சள் ஹெல்மெட் மண்சுவர் விளிம்பில் தெரிந்தது, அடுத்த கணம் சைக்கிள் முழுசாகத் தெரிந்தது, அதற்கடுத்த கணம் அவளுடைய கண்கள். விலகிவிடலாமா என்று ருபியேலாவின் கால்கள் கேட்டன. அவள் விலகவில்லை. மரிசெல் பிரேக்கை அழுத்தினாள். பின்சக்கரம் பக்கவாட்டில் எகிறிச் சுவரில் மோதியது. கைப்பிடியின் முனை ருபியேலாவின் இடுப்பில் இடித்துத் தள்ள, அவள் சுவரோடு சாய்ந்தாள். மரிசெல் சைக்கிளை விட்டுப் பறந்து, தோள் தரையில் பட விழுந்து, சேற்றில் மல்லாந்து வழுக்கிக்கொண்டே கீழே போனாள். வளைவு வரை போனாள். கீழ்க்கம்பிக்கு அடியில் தலை நுழைந்து, மேலே தொங்கிய மழைச்சட்டைக்குக் கீழே வந்து கிடந்தாள்.

பின்னால் வந்த மூன்று பேரும் சத்தம் கேட்டுக் காட்டு விளிம்பிலேயே நின்றுவிட்டார்கள். சைக்கிள்களைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். மரிசெல்லுக்கு நினைவு இருந்தது. அசையாமல் படுத்து, தன் முகத்துக்கு ஒரு சாண் மேலே இருந்த கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேலே இருந்த இன்னொன்றையும் பார்த்தாள். இடது தோளெலும்பு தோலுக்கு அடியில் மேடாகத் துருத்திக்கொண்டு நின்றது. வலிக்கிறதா என்று ருபியேலா கேட்டாள். மரிசெல்லின் கண்கள் ஒரு கம்பியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ப் போய் வந்தன. அவற்றுக்கு நடுவே உள்ள தூரத்தை அளப்பவள் மாதிரி.

அப்போது குளம்புச் சத்தம் கேட்டது. கில்தார்தோ கழுதையின் மேல் உட்கார்ந்து வந்தான். சுமை விலங்கின் மேல் அவன் ஏறி அவள் பார்த்ததே இல்லை. இறங்கினான். யாரையும் பார்க்கவில்லை, யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. இடுப்பிலிருந்து பிளேயரை எடுத்து மேல்கம்பியை வெட்டினான். இழுத்துக் கட்டிய கம்பி விடுபட்ட வேகத்தில் சுருண்டு திரும்பி அவன் முன்கையைக் கீறிக்கொண்டு போனது. அவன் கையை உதறக்கூட இல்லை. குனிந்து கீழ்க்கம்பியை, மரிசெல்லின் முகத்துக்கு மேலே இருந்ததை, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாக வெட்டினான். அது துள்ளாமல் இருப்பதற்காக முள்ளோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தான். மூவரில் எஸ்தேபன் என்கிற உயரமான ஆள், கம்பியையும் மரத்தில் மிச்சமிருந்த முறுக்கையும் போனில் படம் எடுத்தான். பிறகு கில்தார்தோவின் பக்கம் போனைத் திருப்பினான், கொஞ்சம் தயங்கி, இறக்கிக்கொண்டான்.

“யாரு கட்டினது இத?” என்று பொதுவாகக் கேட்டான்.

கில்தார்தோ மழைச்சட்டையை எடுத்து உதறித் தங்கையிடம் நீட்டினான். இருவர் கையிலும் ரத்தம் இருந்தது. அவள் வாங்கிக்கொண்டாள். அந்தச் சட்டையையே கிழித்து மரிசெல்லின் கையை உடம்போடு சேர்த்துக் கட்டினாள். காரோ ஜீப்போ வர முடியாத இடம், தூக்கிக்கொண்டு இறங்கினால் வழுக்கும், கழுதையில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும் என்று முடிவாயிற்று. கில்தார்தோ குனிந்து முழங்காலைப் படியாக வைத்தான். மரிசெல் அதன் மேல் கால் வைத்து ஏறினாள். ஏறும்போது அவன் தோளைத்தான் பிடித்துக்கொண்டாள்.

இறங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ருபியேலா கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தாள். இடுப்பு வலி ஒவ்வொரு எட்டிலும் தொடை வரை இறங்கியது. கழுதை அடிமேல் அடி வைத்தது. அது ஒவ்வொரு முறை காலை ஊன்றும்போதும் மரிசெல் பல்லைக் கடித்து மூச்சை இழுப்பது கேட்டது. எஸ்தேபனும் மற்ற இருவரும் சிக்னல் கிடைக்கும் இடம் வரை முன்னால் போய்விட்டார்கள். ஊரில் மருத்துவமனைக்குச் சொல்லிவைக்கப் போகிறார்கள். வேறு யாருக்கு என்ன சொல்வார்கள் என்று ருபியேலாவுக்குத் தெரியாது. வாழைத் தோப்பு வந்தபோது கீழேயிருந்து மேகம் ஏறி வந்து பாதையை மூடத் தொடங்கியது.

“ரூபி,” என்றாள் மரிசெல். கம்பியைப் பார்த்த பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். “போன மாசம் அது இல்லையே.”

“இல்ல. இன்னிக்குக் காலையில கட்டினது.”

“நீங்க எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?”

ருபியேலா கயிற்றைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டாள். உள்ளங்கைக் காயத்தில் கயிறு பட்டு எரிந்தது. அண்ணி சொன்னாள் என்றாள். சொல்லிவிட்டு, அது போதாது என்பது அவளுக்கே தெரிந்தது.

“அந்த எடம் யாரோடது?”

“எங்க அண்ணனோடது.”

கழுதை நான்கைந்து எட்டு நடந்தது. மரிசெல் வலியோடு உடம்பைத் திருப்பப் பார்த்து, முடியாமல் முன்பக்கமே பார்த்தபடி கேட்டாள்.

“அவரு இப்ப எங்க?”

ருபியேலா நின்று திரும்பிப் பார்த்தாள். மேகத்துக்குள், ஒரு கல்லெறி தூரத்தில், கில்தார்தோ வந்துகொண்டிருந்தான்.

“உங்க சைக்கிளத் தள்ளிக்கிட்டு வர்றாரு,” என்றாள்.

அவன் வாழ்நாளில் சைக்கிளைத் தொட்டவன் இல்லை. தவறான பக்கத்தில் நின்று, கன்றைக் காதைப் பிடித்து இழுத்து வருகிற மாதிரி கைப்பிடியின் ஒரு முனையைப் பிடித்துத் தள்ளினான். மிதிகட்டை சுழன்று சுழன்று அவன் முழங்காலுக்குக் கீழே இடித்தது. சரிவில் சைக்கிள் அவனை முந்தி ஓடப் பார்த்தபோது, விழாமல் இருக்கக் கைப்பிடியை இறுக்கினான். பிரேக் விரலில் மாட்டியது. சக்கரம் சட்டென்று நின்றது. கில்தார்தோவும் நின்றான். தன் கையைப் பார்த்தான். விரல்களை மெதுவாகத் தளர்த்தினான், சக்கரம் ஒரு அடி உருண்டது. மறுபடி அழுத்தினான், நின்றது. பாதையில் அப்படியே நின்று, தலையைக் குனிந்துகொண்டு, அவன் அதை அழுத்தியும் விட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். மேகம் முதலில் சக்கரங்களை மூடியது, பிறகு அவன் கையை.